கூடாது என்று நான் சொன்ன மருந்து

என் மனைவி நல்ல சாப்பாட்டுக்கு நடுவில் சில வருடங்கள் பட்டினி கிடந்தாள். கிடக்க வைத்தவன் நான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

துபாயின் தேராவில், உணவுப்பொருள் இறக்குமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் என் உழைப்புக் காலம் முழுவதும் போனது. வெளிநாடுகளிலிருந்து கன்டெய்னரில் வரும் உறைந்த கோழி, பிஸ்கட், சீஸ், சூப் தூள் எல்லாவற்றுக்கும் ஹலால் சான்றிதழ் சரியாக இருக்கிறதா, டப்பாவின் மேல் இருக்கும் லேபிளும் சான்றிதழும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ஜெலட்டின் மாட்டிலிருந்தா பன்றியிலிருந்தா, சீஸை உறைய வைக்க எதைச் சேர்த்திருக்கிறார்கள், சாக்லேட்டின் மணத்துக்குப் பின்னால் சாராயம் இருக்கிறதா என்றெல்லாம் துருவித் துருவிப் படிப்பேன். நான் சந்தேகப்பட்டுத் துறைமுகத்தில் நிறுத்திய சரக்குகள் உண்டு. முதலாளி அதற்காகக் கோபித்ததில்லை. என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது என்று அவர் மற்றவர்களிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

வீடு பக்கத்து அமீரகமான அஜ்மானில். தினமும் போகவர நெரிசலில் உட்கார்ந்திருந்தாலும் வாடகை தாங்கியது. அந்தக் கட்டிடத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள் நிறைய. வீட்டுப் பெண்கள் சூப்பர் மார்க்கெட்டில் நின்றுகொண்டே பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். "காக்கா, இது கூடுமா?" என்று ஒரு வரி கூடவே வரும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் படித்துவிட்டு ஒரே சொல்லில் பதில் அனுப்புவேன். கூடும். அல்லது, கூடாது. அந்த ஒரு சொல்லுக்காக ஒரு குடும்பம் அலமாரி முன்னால் காத்து நிற்கிறது என்பதில் எனக்கு இருந்த சுகத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அத்தனை லேபிள்களைப் படித்தேனே, அதே லேபிளில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கும் கட்டத்தை நான் பார்த்ததே இல்லை. அது என் வேலையில் சேராது. கூடும் என்று நான் சொன்ன பிஸ்கட்டைத் தின்று தின்றே அந்தக் கட்டிடத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் உருண்டையானார்கள். மார்க்கம் அனுமதிக்கப்பட்டதை உண்ணச் சொன்னதோடு நிற்கவில்லை, நல்லதையும் உண்ணச் சொன்னது. இரண்டு சொற்களும் குர்ஆனில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நான் முதல் சொல்லோடு நின்றுகொண்டேன். அனுமதிக்கப்பட்டது எதுவாயினும் உடம்புக்கு நல்லது, விலக்கப்பட்டது எதுவாயினும் உடம்புக்கு நோய் என்று என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. நோன்பு மாதத்தில் தேராவில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடிக் கஞ்சி குடித்து முடித்ததும் என்னைக் கொஞ்ச நேரம் பேசச் சொல்வார்கள். பன்றி இறைச்சியில் என்னென்ன புழு, ரத்தத்தில் என்னென்ன நஞ்சு, நோன்பு எப்படி வயிற்றுக்கு ஓய்வு என்று பேசுவேன். எண்ணெயில் பொரித்த வடையும் சமோசாவும் நிறைத்த வயிற்றோடு எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள்.

அப்படி இருந்தபோதுதான் என் மனைவி இளைக்கத் தொடங்கினாள்.

முதலில் வயிற்று வலி என்றாள். வலி முதுகு வரை போகும், குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் விடும். பிறகு வலி அடிக்கடி வருவது நின்றது, எடை குறைந்துகொண்டே போனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கணையம் சுருங்கிப்போய் அதற்குள் சுண்ணாம்புக் கல் போலப் படிந்திருந்தது. சர்க்கரையும் வந்திருந்தது. மருத்துவர் சூடான் நாட்டுக்காரர், வயதானவர், நெற்றியில் தொழுகைத் தழும்பு இருந்தது. பொறுமையாக ஆங்கிலத்தில் விளக்கினார். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீர் கணையத்திலிருந்துதான் வர வேண்டும், இவருக்கு அது வருவதில்லை, அதனால் என்ன சாப்பிட்டாலும், முக்கியமாகக் கொழுப்பு, உடம்பில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும் என்றார். ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு கேப்சூல், ஆயுள் முழுவதும். பிறகு அவராகவே இன்னொன்றும் சொன்னார். இந்த மருந்தைப் பன்றியின் கணையத்திலிருந்துதான் எடுக்கிறார்கள், இதே அளவுக்கு வேலை செய்யும் வேறு மருந்து தன் கையில் இல்லை, மார்க்கத்தில் இதற்கு இடமுண்டு, முஸ்லிம் நோயாளிகளுக்கும் இதைத்தான் கொடுக்கிறேன் என்றார். சந்தேகமிருந்தால் மார்க்கம் படித்த ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

என் மனைவிக்கு ஆங்கிலம் போதாது. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். சொன்ன விதம்தான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. எந்த உறுப்பு, அறுப்புக்கூடத்தில் அதை எப்படிச் சேர்ப்பார்கள், உலர்த்தி எப்படிப் பொடியாக்குவார்கள் என்று, எனக்குத் தெரிந்ததும் தெரியாததும் சேர்த்து, கஞ்சி மேடையில் பேசுவது போல விளக்கினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"கூடாது" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். அவ்வளவுதான். கட்டிடத்துப் பெண்களுக்காவது நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னேன்.

ஓர் ஆலிமிடம் போய்க் கேட்டிருக்கலாம். தேராவில் எங்கள் தமிழ் ஹஜ்ரத் ஒருவர் இருந்தார், என்னைவிட இளையவர், என் அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரம். வெள்ளிக்கிழமைதோறும் அவரைப் பார்த்து சலாம் சொல்வேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று என்னையே பலமுறை விசாரித்துவிட்டேன். கேட்டால் கூடும் என்று சொல்லிவிடுவார் என்பது எனக்கு உள்ளூரத் தெரியும். நிர்ப்பந்தத்தில் இருப்பவர்மீது குற்றமில்லை என்பது சின்ன வயதிலேயே ஓதிக்கொடுத்த பாடம். மற்றவர்கள் அந்த இடத்தில் போய் ஒதுங்கிக்கொள்ளட்டும், என் வீடு ஒதுங்காது என்ற வீம்பு எனக்கு. வீம்பு என்னுடையது, வயிறு அவளுடையது.

அதற்குப் பதிலாக நான் மருத்துவம் பார்த்தேன். கருஞ்சீரக எண்ணெய், ஏமன் தேன், மதீனாப் பேரீச்சம்பழம், ஒட்டகப் பால் என்று சிறப்பு சொல்லப்பட்டவை எல்லாம் எங்கள் சமையலறைக்கு வந்து சேர்ந்தன. பப்பாளியிலிருந்து செய்த செரிமான மாத்திரை என்று தேராக் கடையொன்றில் கிடைத்தது, அதையும் வாங்கினேன். லேபிளில் தாவரம் என்று போட்டிருந்தது எனக்குப் பரம திருப்தி. அவள் எதையும் மறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வாயில் வைப்பேன். தேனால் அவளுக்குச் சர்க்கரை ஏறியது. எண்ணெயும் பாலும் உள்ளே தங்காமல் ஓடின. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கழிப்பறைக்குப் போவாள். போய் வந்ததும் நாற்றம் வெளியே தெரியக்கூடாதென்று அங்கே ஒரு கரித்துண்டில் பக்கூர் என்ற வாசனைக் கட்டையைப் புகைத்து வைப்பாள். வீடு எப்போதும் மணமாக இருக்கிறது என்று வருபவர்கள் சொல்வார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் ஒரே மகள் அப்போது ஷார்ஜாவில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பாதி ஆங்கிலம்தான் வாயில் வரும். அவளுடைய சின்ன வயதுச் சட்டை தன் உம்மாவுக்குச் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"வாப்பா, அந்த டேப்லட்ஸ் என்னாச்சு?"

அது கூடாது என்றேன்.

"ஹூ ஸெட்? யாரு சொன்னா?"

உனக்கு மார்க்கம் என்ன தெரியும் என்று கேட்டேன். படித்த பிள்ளை, கோபத்தை அடக்கிக்கொண்டு, "எனக்குத் தெரியாது வாப்பா. தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்கன்னுதான் சொல்றேன்" என்றாள். அவள் அம்மாவே அவளை அதட்டி உள்ளே அனுப்பினாள். என் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்கு நான் ஆறுதல்பட்டேன்.

இதையும் சொல்ல வேண்டும். எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு. கட்டிடத்துக்குக் கீழே இருந்த மருந்துக்கடையில் ஒரு கேப்சூல் வாங்கிப் பல வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். அதன் உறை ஜெலட்டின்தான். எந்த விலங்கின் ஜெலட்டின் என்று அந்தப் பெட்டியை ஒருநாளும் நான் திருப்பிப் பார்த்ததில்லை. கன்டெய்னர் கன்டெய்னராக ஜெலட்டினைச் சந்தேகப்பட்டவன், தன் நெஞ்செரிச்சலுக்கு மட்டும் சந்தேகப்படவில்லை. இது எனக்குப் பட்டபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

பிறகு அவளுக்குச் சாயங்காலத்தில் கண் மங்கியது. அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு வெளியே வரமாட்டேன் என்பாள். கடற்கரைக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். சோம்பல் என்று நினைத்தேன், ஒருமுறை சொல்லியும்விட்டேன். கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். கொழுப்பு உடம்பில் சேராதவர்களுக்கு அதோடு சேர வேண்டிய சத்துகளும் போய்விடும், முதலில் கண், பிறகு எலும்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். சூடான் மருத்துவர் சொல்லியிருந்தார். பன்றி என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதையும் நான் மனதில் வாங்கவில்லை.

ஒரு நோன்பு நாளில் பக்கத்துக் கட்டிடத்தில் நோன்பு திறக்க அழைத்திருந்தார்கள். அவள் நோயாளி, நோன்பு வைக்கவில்லை, ஆனாலும் கஞ்சிச் சட்டியைத் தானே கொண்டுபோக வேண்டும் என்றாள். இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவே கார்கள் நிற்கும் மணல் தரை. பாங்கு சொல்லி முடித்திருந்த நேரம், வெளிச்சம் முழுவதும் போகவில்லை, எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அவளுக்குத் தரையோரத்துச் சிமெண்டுக் கட்டை தெரியவில்லை. கால் தட்டி உட்கார்ந்த நிலையில் விழுந்தாள். பெரிதாக விழுந்தாள் என்று சொல்ல முடியாது. ஒரு குழந்தை விழுந்திருந்தால் எழுந்து ஓடியிருக்கும். அவளுடைய இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். ஏதோ பரிசோதனைக்கு என்று நினைத்து வெளியே நின்றேன். உள்ளே என்ன நடந்தது என்பதை மகள்தான் பிறகு சொன்னாள், அவள்தான் மொழிபெயர்த்திருக்கிறாள். வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்களா, பயப்படாமல் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பட்டினி போடப்பட்டவர்களின் எலும்பு போல இருக்கிறதாம். அதற்கு என் மனைவி, "அவரு எனக்கு ஊட்டியில்ல விடுவாரு" என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுச் சிரித்தாளாம்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. இரும்பு வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூட வேண்டுமானால் சாப்பாடு உடம்பில் ஒட்ட வேண்டும், அதற்கு அந்தக் கேப்சூல் இல்லாமல் வழியில்லை என்று இங்கேயும் அதையே சொன்னார்கள். மறுநாள் நான் தேராவுக்குப் போய் ஹஜ்ரத்தைப் பார்த்தேன். பள்ளிவாசலில் தூணோரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கூடும் காக்கா. இதுல ரெண்டாவது பேச்சே இல்ல" என்றார். "நிர்ப்பந்தத்தைப் பத்தி நீங்களே கஞ்சி குடிச்சிட்டுப் பேசியிருக்கீங்களே, நானும்தானே உக்காந்து கேட்டேன்."

தெரியும் என்றேன்.

"பசியில சாகக் கிடக்கறவனுக்கு அந்த எடம் கொடுத்திருக்கு. உங்க வீட்ல அவங்களும் பசியிலதானே இருந்திருக்காங்க, நீங்க சோறு போட்டும்?"

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் செருப்பு இருக்கும் இடம்வரை கூட வந்து, அவளுக்காக துஆ செய்வதாகச் சொல்லி அனுப்பினார்.

அவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஹஜ்ரத்திடம் கேட்டேன், கூடுமாம், மருந்தை எடுத்துக்கொள் என்றேன். அவள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப கூடும்னா, அப்பவும் கூடும்தானே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப ஏன் கூடாதுன்னீங்க?"

நான் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அன்று மதியம் சோற்றோடு மகள் கேப்சூலைக் கொடுத்தாள். வாங்கி வாயில் போட்டாள், விழுங்கினாள், உடனே எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். அடுத்த வேளையும் அப்படித்தான். காரில் நான் சொன்ன அறுப்புக்கூடமும் பொடியும் அவளுக்குள் அப்படியே இருந்தன. ஒரு சொல்லில் நான் சொன்ன கூடாது என்பதை எடுத்துவிட ஒரு சொல்லில் சொன்ன கூடும் போதவில்லை. ஹஜ்ரத் போனில் பேசினார். சரி ஹஜ்ரத், சரி ஹஜ்ரத் என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தாள். "மனசு சரிங்குது, தொண்டை சரிங்கல" என்று மகளிடம் சொன்னாளாம்.

மகள்தான் அதைச் சாதித்தாள். என்னை அறையில் இருக்கவேண்டாம் என்றாள். நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்க, உள்ளே அம்மாவும் மகளும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே சாப்பிட, நடுவில் அந்தக் கேப்சூல் போய்விடும். கொஞ்ச நாளில் வாந்தி நின்றது. நான் அங்கே இல்லாமல் இருந்தால் போதும் என்று ஆனது.

அவள் தேறினாள். கன்னம் கொஞ்சம் நிறைந்தது. சாயங்காலத்தில் கண் தெரிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் ஒரு கால் குட்டையாகிப்போனது. வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். தரையில் நெற்றி வைத்துத் தொழ முடியாது, நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறாள். நான் வேலையை விட்டுவிட்டேன். மகளின் விசாவில், அவள் வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். வாட்ஸாப்பில் இன்னமும் யாராவது படம் அனுப்புகிறார்கள். ஹஜ்ரத்திடம் கேட்கச் சொல்லி அவருடைய எண்ணை அனுப்பிவிடுகிறேன்.

உணவு பற்றிய சட்டங்கள் உடம்புக்கு நல்லவையா என்று என்னிடம் இப்போது கேட்டால், பெரும்பாலும் நல்லவை என்றுதான் சொல்வேன். ஆனால் அவற்றைப் பின்பற்றுவது அதற்காக அல்ல. அவை இறைவனுக்கு அடிபணிவதற்கு. உடம்பு நலிந்துபோகிற இடத்தில் அந்தச் சட்டமே விலகி நின்று வழிவிடுகிறது. அந்த வழியில்தான் நான் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் ஊரில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிடுவோம், அதை சஹன் என்போம். கல்யாணமான நாளிலிருந்து நானும் அவளும் அஜ்மானிலும் அப்படித்தான் ஒரே சஹனில் கை வைத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவளுக்குத் தனித்தட்டு ஆனது. வாக்கரோடு தரையில் உட்கார முடியாது என்பதால்தான் என்று நினைத்தேன். இந்த வருடம் மேசையில் சஹனை வைத்து, வா, சேர்ந்து சாப்பிடலாம் என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்றாள்.

"நான் அதைத் தொட்ட கையோட சாப்புடுறேன். உங்களுக்கு எதுக்கு அது?"

கூடுமென்று ஆகிவிட்டதே என்றேன்.

"நிர்ப்பந்தம் எனக்குத்தானே. உங்களுக்கு என்ன நிர்ப்பந்தம்?"

குத்திக்காட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. என் சுத்தத்தை எனக்காகக் காப்பாற்றித் தருகிறவள் போலத்தான் சொன்னாள். காய்ந்த உறை, கழுவிய கை, ஒன்றும் ஒட்டாது என்று எனக்குத் தெரிந்த காரணங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"அப்பவும் நீங்க நல்லாத்தான் விளக்குனீங்க" என்று சொல்லிவிட்டு, தன் தட்டை மகளிடம் கொடுத்து, வாக்கரை உருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள் என்பதால், சீக்கிரம் சாப்பிட்டு முடித்தேன்.